ஒரு மாத்திரைக்குள் இரண்டு வேலையாட்கள்: சர்க்கரை நோய்க்கான கூட்டு மாத்திரைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

பெரம்பூரில் எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் அம்மாவுக்கு வயது 60-ஐத் தொடுகிறது. ஆறு ஆண்டுகளாகக் காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக மெட்ஃபார்மின் மாத்திரை போட்டுக்கொண்டு, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவர். சென்ற மாதம் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டி, "ஒரு மருந்து போதாதுன்னு ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரையா மாத்திட்டாரு தம்பி. முத்திப்போச்சுன்னு நேரா சொல்ல அவருக்கு மனசு வரலை போல" என்றார். சீட்டில் எழுதியிருந்தது கிளிமிபிரைடு 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டும் சேர்ந்த மாத்திரை. சென்னையில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துத் தரக்கூடிய, மிகச் சாதாரணமான மாத்திரை அது.

அந்த அம்மா சொன்னதைப் பூங்காவில் நடைப்பயிற்சி செய்பவர்களிடமும், இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் பல வடிவங்களில் கேட்கலாம். கூட்டு மாத்திரை என்றால் 'பவர்' கூடிய மாத்திரை என்பார் ஒருவர். நோய் கைமீறிப் போனதன் அடையாளம் என்பார் இன்னொருவர். ஒரு மருந்தே கிட்னியைக் கெடுக்கும்போது இரண்டு சேர்ந்தால் என்ன ஆகும் என்பார் மூன்றாமவர். 1948-லேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கிய நகரம் இது. 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. இத்தனை பேர் தினமும் விழுங்கும் ஒன்றைப் பற்றி இவ்வளவு குழப்பம் நிலவுவதால் இந்தக் கட்டுரை.

இங்கே பேசப்போவது இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பெரியவர்கள் வாயால் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றி மட்டுமே. சிறு வயதில் பெரும்பாலும் தொடங்கும் முதல் வகை நீரிழிவு, கர்ப்ப காலச் சர்க்கரை, இன்சுலின் ஊசி ஆகியவை வேறு கதைகள். யாருக்கு எந்த மாத்திரை என்பதையும் இதைப் படித்து முடிவு செய்ய முடியாது. மருத்துவர் எழுதிய மாத்திரை எதற்காக எழுதப்பட்டது என்று புரிந்துகொள்ள இது உதவும்.

தெருவில் தேங்கிய மழைநீர்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடியிலோ வேளச்சேரியிலோ ஒரு தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரே ஒரு காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. மேலிருந்து மழை கொட்டுகிறது. நிரம்பிய ஏரியிலிருந்து உபரி நீர் வந்து சேருகிறது. தண்ணீரை இழுத்துக்கொள்ள வேண்டிய மழைநீர் வடிகால் மண் மூடிக் கிடக்கிறது. அடைப்பை எடுக்க வேண்டிய ஆட்களோ பத்துப் பேர் வர வேண்டிய இடத்தில் ஐந்து பேர்தான் வந்திருக்கிறார்கள். கடைசி வழியாக, ராட்சத மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்து வெளியே விடலாம்.

இப்போது ஏரியின் மதகைக் கவனிக்க மட்டும் ஓர் ஊழியரை அனுப்புகிறோம். தண்ணீர் ஓரளவு குறைகிறது, ஆனால் வடியவில்லை. அதே ஊழியரை இரவும் பகலும் மதகிலேயே நிற்க வைப்பது ஒரு வழி. அவரை அங்கேயே விட்டுவிட்டு, வடிகாலுக்கோ மோட்டாருக்கோ வேறொருவரை அனுப்புவது இன்னொரு வழி. கூட்டு மாத்திரை என்பது இந்த இரண்டாவது வழி. வெவ்வேறு இடத்தில் வேலை செய்யும் இரண்டு அல்லது மூன்று மருந்துகளை, நிர்ணயித்த அளவில், ஒரே மாத்திரையாகச் சேர்த்துத் தயாரிப்பதையே கூட்டு மாத்திரை என்கிறோம்.

உவமையில் ஒரு குறை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் போனால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரத்தத்தில் சர்க்கரை அப்படி வற்றிவிடக் கூடாது. வற்றினால் மூளை தடுமாறும், உயிருக்கே ஆபத்து. இந்தக் குறையை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

உடலுக்குள் நடப்பது

நாம் சாப்பிடும் இட்லி, பொங்கல், சாதம், சப்பாத்தி எல்லாவற்றிலும் உள்ள மாவுச்சத்து சிறுகுடலில் உடைந்து குளுக்கோஸாகிறது. இரத்தத்தில் ஓடும் எளிய சர்க்கரைதான் குளுக்கோஸ். ஆரோக்கியமான ஒருவரின் மொத்த இரத்தத்திலும் வெறும் வயிற்றில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவு குளுக்கோஸ்தான் இருக்கிறது. நான்கு இட்லியில் அதைப் போலப் பல மடங்கு மாவுச்சத்து உண்டு. அத்தனையும் உள்ளே வந்தபிறகும் இரத்தத்தின் அளவு சிறிது ஏறி இரண்டு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது என்றால், அதற்குக் காரணம் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இந்த ஹார்மோன், தசைகளும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்கிறது. கூடவே, "இப்போதைக்கு நீ எதுவும் விடவேண்டாம்" என்று கல்லீரலுக்கும் சொல்கிறது.

கல்லீரலின் பங்கு பலருக்கும் தெரிவதில்லை. "ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன், காலையில வெறும் வயித்துல 170 எப்படி வந்துச்சு?" என்ற புலம்பலுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. நாம் தூங்கும்போது மூளைக்குத் தேவையான குளுக்கோஸைக் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்தும், புதிதாகத் தயாரித்தும் இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. இன்சுலினின் சொல்லைக் கல்லீரல் சரியாகக் கேட்காதபோது, ஏரி நிரம்பாமலே மதகைத் திறந்துவிட்டதுபோல், யாரும் கேட்காத குளுக்கோஸ் விடியும்வரை வந்து கொட்டுகிறது.

இன்சுலின் இருந்தும் தசை, கல்லீரல் போன்றவை அதற்குச் சரியாக இணங்காத நிலையை இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். மண் மூடிய வடிகால் இதுதான். கணையம் முதலில் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கிறது. பிறகு பீட்டா செல்கள் சோர்ந்து குறைகின்றன. பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 1998-ல் முடிவுகள் வெளியான யுகேபிடிஎஸ் என்ற நீண்ட ஆய்வில், நோய் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலேயே பீட்டா செல்களின் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்ததாகக் கணித்தார்கள். பலருக்கு நோய் தெரியவரும் நாள் அது தொடங்கிய நாளாக இருப்பதில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உணவிலிருந்து வரும் சர்க்கரை, கல்லீரல் விடும் சர்க்கரை, இழுத்துக்கொள்ளாத தசை, சோர்ந்த கணையம் என்று கோளாறு குறைந்தது நான்கு இடங்களில் இருக்கிறது. ஒரே மருந்து நான்கு இடத்துக்கும் ஓடுவதில்லை.

ஒவ்வொரு மருந்தும் எங்கே வேலை செய்கிறது

மெட்ஃபார்மினை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கூட்டு மாத்திரைகளில் ஒரு பாதி அதுதான். ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியில் இருந்த ஒரு பொருளின் வழிவந்த இதை, 1957-ல் பாரிசில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நீரிழிவுக்குப் பயன்படுத்தி எழுதினார். மெட்ஃபார்மின் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைப்பதில்லை. கல்லீரல் குளுக்கோஸ் விடுவதைக் குறைக்கிறது, உடல் இன்சுலினுக்கு இணங்குவதை ஓரளவு மேம்படுத்துகிறது. ஆகவே இது மதகுக் காவலர். தனியாக எடுத்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அபூர்வம். தொடக்கத்தில் வயிற்றைப் புரட்டும், சிலருக்குப் பேதியாகும். அதனால்தான் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்கிறார்கள், சிறிய அளவில் தொடங்குகிறார்கள். பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். காலில் மதமதப்பு வந்தால் அது சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பா, பி12 குறைவா என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். சைவ உணவுக்காரர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

அடுத்தது கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை. இவை பீட்டா செல்லைத் தட்டி எழுப்பி இன்சுலினை விடச் செய்கின்றன. வேகமாகச் செயல்படுபவை, விலை குறைந்தவை. ஆனால் இவற்றுக்கு ஒரு குணம் உண்டு: இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருக்கிறதா குறைவாக இருக்கிறதா என்று பார்க்காமலே தட்டிக்கொண்டிருக்கும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் வரும். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். உடல் எடை சிறிது கூடுவதும் உண்டு.

கிளிப்டின் என்று முடியும் பெயர்கள் மூன்றாவது வகை: சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், லினாகிளிப்டின். உணவு குடலுக்கு வந்ததும் குடலே கணையத்துக்கு "சாப்பாடு வருகிறது, தயாராகு" என்று ஒரு ஹார்மோன் மூலம் சேதி அனுப்புகிறது. அந்த ஹார்மோனை ஒரு நொதி இரண்டொரு நிமிடத்தில் அழித்துவிடுகிறது. கிளிப்டின்கள் அந்த நொதியைத் தடுத்து, சேதி சற்று நேரம் நீடிக்கச் செய்கின்றன. சர்க்கரை ஏறியிருக்கும்போதுதான் இந்தச் சேதிக்குப் பலன் உண்டு; ஆகவே இவை தனியாகவோ மெட்ஃபார்மினோடோ இருக்கும்போது தாழ்சர்க்கரையைக் கொண்டுவருவது குறைவு. எடையையும் கூட்டுவதில்லை. சல்ஃபோனைல்யூரியா கதவை உடைத்துக்கொண்டு எழுப்புபவர் என்றால், கிளிப்டின் தபால்காரரை வழியில் யாரும் மறிக்காமல் பார்த்துக்கொள்பவர்.

நான்காவது வகை டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். இவைதான் மோட்டார். சிறுநீரகம் ஒரு நாளில் ஏறக்குறைய 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, ஒரு சிட்டிகைகூட விடாமல் மீண்டும் இரத்தத்துக்கே திருப்பி அனுப்பும் சிக்கனக்காரர். திருப்பி அனுப்பும் வாசல்களில் பெரியதை இந்த மருந்துகள் அடைக்கின்றன. நீரிழிவு உள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 முதல் 80 கிராம் வரை குளுக்கோஸ் சிறுநீரில் வெளியேறுகிறது. இன்சுலின் இருக்கிறதா இல்லையா என்பதை இந்த வேலை பெரிதாகச் சார்ந்திருப்பதில்லை. சர்க்கரையைக் குறைப்பதோடு, இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகப் பாதிப்புத் தொடங்கியவர்களுக்கும் இவை நன்மை செய்வது 2015-க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் உறுதியானது. என்னைக் கேட்டால், கடந்த இருபது ஆண்டுகளில் நீரிழிவு மாத்திரைகளில் நேர்ந்த பெரிய மாற்றம் இதுதான்.

இந்த வகையில் ஒரு வேடிக்கையும் உண்டு. மாத்திரையை எடுப்பவர் சிறுநீர்ப் பரிசோதனை செய்தால் சர்க்கரை நான்கு பிளஸ் என்று அறிக்கை வரும். பரிசோதனை நிலையத்தில் இருப்பவர் பதறுவார், வீட்டில் இருப்பவர்கள் பதறுவார்கள். உண்மையில் மருந்து வேலை செய்கிறது என்பதைத்தான் அந்த நான்கு பிளஸ் காட்டுகிறது. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம்; தண்ணீரால் கழுவி ஈரமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும், அரிப்பு இருந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். சிறுநீர் கூடுதலாகப் போவதால் கத்திரி வெயில் நாட்களில் உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அப்படி இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்வது நல்லது.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வோக்ளிபோஸ், அகார்போஸ் இரண்டும் குடலில் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்துகின்றன; மழை கொட்டாமல் தூறலாகப் பெய்வதுபோல. சாப்பாட்டின் முதல் கவளத்தோடு எடுத்தால்தான் பயன், பக்க விளைவு வாயுத் தொல்லை. பயோகிளிட்டசோன் வடிகாலின் அடைப்பை எடுக்கும் வகை. ஆனால் உடலில் நீர் கோக்கும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. 2013 ஜூனில் இந்தியாவில் அதன் விற்பனையை நிறுத்திவைத்து, அடுத்த மாதமே எச்சரிக்கை வாசகத்தோடு மீண்டும் அனுமதித்தார்கள்.

சுருக்கமாக: மெட்ஃபார்மின் கல்லீரலில், கிளிமிபிரைடு கணையத்தில், கிளிப்டின் குடலின் சேதியில், கிளிஃப்ளோசின் சிறுநீரகத்தில். இடம் வேறாக இருப்பதால்தான் சேர்க்க முடிகிறது. கிளிமிபிரைடோடு கிளிக்லசைடைச் சேர்ப்பதில் பொருளில்லை. ஒரே கதவை இருவர் தட்டுவதால் பயன் கூடாது.

ஏன் ஒன்றின் அளவையே கூட்டக் கூடாது?

நியாயமான கேள்வி. கூட்டுவார்கள், ஓர் எல்லை வரை. சாம்பாரில் முதல் கரண்டி உப்புக்கு இருக்கும் பலன் மூன்றாவது கரண்டிக்கு இருப்பதில்லை. பெரும்பாலான மருந்துகளும் அப்படியே: முழு அளவில் பாதியைக் கொடுக்கும்போதே அதன் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது, அதற்கு மேல் கூட்டினால் பலன் கொஞ்சமாக ஏறும், பக்க விளைவு நிறைய ஏறும். மெட்ஃபார்மினை ஒரு நாளைக்கு 2,000 மி.கி.க்கு மேல் கொண்டுபோனாலும் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. ஆகவே ஒன்றை உச்சிக்குத் தள்ளுவதைவிட, இரண்டை மிதமான அளவில் சேர்ப்பதில் பலன் கூடும், தொல்லை குறையும். "பவர் கூடிய மாத்திரை" என்ற எண்ணம் இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது.

முற்றிப்போனதா என்ற பயத்துக்கு வருவோம். முன்பு சொன்ன அதே பிரிட்டன் ஆய்வில், ஒரே மருந்தோடு இலக்குக்குள் இருந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் ஏறக்குறைய பாதிப் பேர், ஒன்பதாம் ஆண்டில் கால்வாசிப் பேர்தான். இலக்கு என்றது எச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழே என்பதை. சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்லும் இரத்தப் பரிசோதனைதான் எச்பிஏ1சி. ஆக, சில ஆண்டுகளில் இரண்டாவது மருந்து தேவைப்படுவது இந்த நோயின் வழக்கமான போக்கு. பத்தியத்தில் தவறியவர்களுக்கு மட்டும் விழும் தண்டனை அல்ல. கண்ணுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடியின் எண் மாறுவதை நாம் குற்றமாக எண்ணுவதில்லையே.

இன்னொன்றும் உண்டு. 2019-ல் வெளியான 'வெரிஃபை' ஆய்வில், 34 நாடுகளில் நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட ஏறக்குறைய 2,000 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முதலிலிருந்தே மெட்ஃபார்மினும் வில்டாகிளிப்டினும். மற்றப் பிரிவுக்கு மெட்ஃபார்மின் மட்டும், போதாவிட்டால் பிறகு வில்டாகிளிப்டின். ஐந்து ஆண்டுகளில், தொடங்கிய சிகிச்சை போதாமல் போனவர்கள் முதல் பிரிவில் சுமார் 44 சதவீதம், இரண்டாவதில் சுமார் 62 சதவீதம். இதன் பிறகு, நோய் தெரிந்த நாளிலேயே இரண்டு மருந்தோடு தொடங்குவதும் மருத்துவர்களிடையே ஏற்புடைய வழியாகிவிட்டது. எனவே இரண்டு மருந்து என்பதை வைத்து நோயின் நிலையை எடைபோட முடியாது.

கிட்னியைக் கெடுப்பது எது?

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. மெட்ஃபார்மின் உடலில் சிதையாமல் அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. நீண்ட காலம் ஏறியிருந்த சர்க்கரையாலும் இரத்த அழுத்தத்தாலும் சிறுநீரகம் பழுதானால், மருந்து வெளியேறாமல் தேங்கி, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் அபாயம் உண்டு. அதனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் எண் (பரிசோதனை அறிக்கையில் இஜிஎஃப்ஆர் என்றிருக்கும்) 45-க்குக் கீழே போனால் மருத்துவர் அளவைக் குறைப்பார், 30-க்குக் கீழே போனால் நிறுத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தது இரண்டை மட்டும்: கிட்னி கெட்டது, மாத்திரையை நிறுத்தினார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டு, நிறுத்திய மாத்திரையையே குற்றவாளி ஆக்கிவிட்டார். இந்தப் பேச்சை நம்பித் தாமாகவே மாத்திரையை விட்டவர்களின் சிறுநீரகத்தைத்தான் ஏறிய சர்க்கரை உண்மையில் கெடுக்கிறது.

அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது

கூட்டு மாத்திரையின் வசதி வெளிப்படையானது: விழுங்குவது குறைவு, மறப்பது குறைவு, பல நேரங்களில் செலவும் குறைவு. வில்டாகிளிப்டினின் காப்புரிமை 2019 டிசம்பரிலும், டாபாகிளிஃப்ளோசினுடையது 2020 அக்டோபரிலும், சிட்டாகிளிப்டினுடையது 2022 ஜூலையிலும், எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் இந்தியாவில் முடிந்த பிறகு, பல நிறுவனங்கள் இவற்றை மெட்ஃபார்மினோடு சேர்த்துக் குறைந்த விலையில் கொண்டுவந்துவிட்டன. ஆனால் கூட்டு மாத்திரை கலந்துவைத்த காப்பி போன்றது. சர்க்கரை கூடிவிட்டது என்றால் அதை மட்டும் எடுக்க முடியாது. ஒரு மருந்தின் அளவை மட்டும் மாற்ற வேண்டுமானால் மாத்திரையையே மாற்ற வேண்டும். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று பிரித்தறிவது கடினம். சேர்த்தவை எல்லாம் நியாயமாகச் சேர்த்தவை என்றும் சொல்ல முடியாது: 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தபோது அந்தப் பட்டியலில் நீரிழிவு மாத்திரைகளும் இருந்தன.

பெயரை வைத்து உள்ளே இருப்பதை ஊகிப்பது சரிவராது. நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் வரும் 'எம்' பெரும்பாலும் மெட்ஃபார்மின், 'ஜி' பெரும்பாலும் கிளிமிபிரைடு. ஆனால் 'வி' என்பது ஓரிடத்தில் வோக்ளிபோஸ், இன்னோரிடத்தில் வில்டாகிளிப்டின். 1, 2 என்ற எண் வழக்கமாகக் கிளிமிபிரைடின் மில்லிகிராம். 'ஃபோர்ட்' என்றிருந்தால் பொதுவாக மெட்ஃபார்மின் 500-க்குப் பதில் 1,000 என்று பொருள். 'எஸ்ஆர்' அல்லது 'பிஆர்' என்பது மருந்து மெல்ல மெல்லக் கசியும்படி செய்யப்பட்ட மாத்திரை. அதை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. அந்த வகையில் சில மாத்திரைகளின் கூடு மலத்தில் முழுசாக வந்து விழுவதும் உண்டு. மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டது, வந்தது வெறும் கூடுதான். பயந்து இன்னொன்றை விழுங்கிவிடக் கூடாது.

அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் மருந்துகளின் பெயரும் அளவும் இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும். என் அம்மாவுக்கு ஒருமுறை நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு கடையில் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து நான்கு மட்டும் கொடுத்தார்கள். பெயரும் காலாவதித் தேதியும் மற்ற ஆறோடு போய்விட்டன. கையில் இருந்தது வெள்ளி நிறத் துண்டும் நான்கு பச்சை மாத்திரையும். வீட்டில் ஏற்கெனவே இருந்த மெட்ஃபார்மினோடு, இது வேறு ஏதோ மருந்து என்று எண்ணி, இதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பாதி அதே மெட்ஃபார்மின் என்று தெரிய மூன்று நாள் ஆயிற்று. இரண்டு மருத்துவர்களிடம் காட்டுபவர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாத்திரையும் தனியாரிடம் இன்னொன்றும் வாங்குபவர்களுக்கும் இந்த இரட்டிப்பு எளிதில் நேரும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருபவரிடம் தனியார் சீட்டையும் காட்டுவது இதற்காகத்தான்.

சர்க்கரை தாழும்போது

முதலில் சொன்ன உவமையின் குறை இங்கே வருகிறது. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, பசி, குழம்பிய பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். வாயால் எடுக்கும் மருந்துகளில் இதற்கு முக்கியக் காரணம் சல்ஃபோனைல்யூரியா வகை. ஆகவே கூட்டு மாத்திரையில் கிளிமிபிரைடோ கிளிக்லசைடோ இருக்கிறதா என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய முதல் செய்தி. இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவமனைக்குத்தான்.

வோக்ளிபோஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுச் சர்க்கரை இரண்டு சர்க்கரைகள் பிணைந்தது. அதை உடைக்கும் வேலையைத்தான் வோக்ளிபோஸ் தாமதப்படுத்துகிறது. அவசரத்துக்குச் சட்டைப் பையில் வைத்திருக்கும் சாக்லேட்டும் அள்ளிப்போட்ட சர்க்கரையும் அவர்களுக்கு உரிய நேரத்தில் கைகொடுக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியே வேண்டும்.

வாந்தி பேதி வந்து சாப்பிட முடியாமல் படுத்திருக்கும் நாட்களில் மெட்ஃபார்மினையும் கிளிஃப்ளோசின் வகையையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே டாபாகிளிஃப்ளோசினை நிறுத்துவார்கள். காரணம், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடும் ஓர் ஆபத்து அந்த வகையில் உண்டு. பல் பிடுங்கப் போனாலும் கண்புரை எடுக்கப் போனாலும் மாத்திரைப் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

மாடி வீட்டு அம்மாவுக்கு இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. அட்டையைத் திருப்பி, இரண்டு பெயரையும் படித்துக் காட்டி, ஒன்று கல்லீரலுக்கு, ஒன்று கணையத்துக்கு என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்ப ஏகாதசிக்கு?" என்றார். மாதம் இரண்டு ஏகாதசியும் பட்டினி இருப்பவர் அவர். ஆறு ஆண்டுகள் மெட்ஃபார்மினோடு விரதம் இருந்து பழகியவர். புதிய மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறதே என்பதை நான் யோசிப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார். மறுநாள் மருத்துவரிடம் போய், விரத நாளில் என்ன செய்வது என்று எழுதி வாங்கிவந்தார். அந்தத் தாள் இப்போது அவர் வீட்டுச் சமையலறையில், தினசரி நாட்காட்டியின் பின்னால், அடுத்த ஏகாதசித் தேதிக்கு நேராகச் செருகியிருக்கிறது.